கொழும்பில் பெயர்களை வாசிக்கப் பழகுதல்: புதிதாக வருபவர்களுக்கு

கொழும்புக்குப் புதிதாக வருபவர்கள் முதல் மாதத்திலேயே பலதைப் பழகிவிடுகிறார்கள். காலி வீதியில் 100ஆம், 101ஆம் இலக்க பஸ்கள் எங்கே நிற்கும், வெள்ளவத்தைச் சந்தையில் எந்த நேரம் மீன் நல்லது, கடையில் ‘கீயத’ என்று எப்படி விலை கேட்பது எல்லாம் வந்துவிடும். பெயர்களை வாசிக்க மட்டும் வருடக்கணக்காகியும் பழகாதவர்களை நான் நிறையச் சந்திக்கிறேன். ஒருவருடைய தகப்பனின் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிடுவார்கள். பெரேரா என்று கேட்டவுடன் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் தொடங்குவார்கள். எதிரே இருப்பவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த தமிழராக இருப்பார்.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்பு, விவாக, இறப்புப் பத்திரங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் இருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுப்பது இருபது வருடத்துக்கு மேலாக என் வேலை. அந்த வேலையில் பாதி பெயர்கள்தான். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வேலைக்கு வந்தவர்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், வெளிநாட்டில் வளர்ந்து திரும்பி வந்தவர்கள் எல்லோருக்கும் நான் வாய்ச்சொல்லாகச் சொல்லிவந்ததை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில்: நீண்ட பெயரில் அவருடைய சொந்தப் பெயர் எது?

ஒரு முழுப்பெயரைப் பார்த்தால் அதில் எந்தச் சொல் அந்த ஆளுக்கு உரியது, எது அவருடைய தகப்பனுக்கோ வீட்டுக்கோ ஊருக்கோ உரியது என்று பிரிக்க வேண்டும். ஒவ்வொரு சமூகமும் அந்தச் சொல்லை ஒவ்வோர் இடத்தில் வைக்கிறது.

நம்முடைய வழக்கம் எளிது. தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். முத்தையா முரளீதரனில் முத்தையா தகப்பன், முரளீதரன் மகன். பொன்னம்பலம் இராமநாதன், பொன்னம்பலம் அருணாசலம் என்ற சகோதரர்களின் தகப்பன் பொன்னம்பல முதலியார். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கட்டியவர் அவர்தான். அந்த மூன்று பெயர்களையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். பொன்னம்பலம் சிதம்பரத்துப் பொற்சபை, இராமநாதன் இராமேசுவரத்துச் சுவாமி, அருணாசலம் திருவண்ணாமலை. ஒரு கொழும்புக் குடும்பம் தன் பிள்ளைகளின் பெயரிலேயே மூன்று தலங்களை வைத்திருந்திருக்கிறது.

தமிழ் அரசியல் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் முதலெழுத்துகள் சாமுவேல், ஜேம்ஸ், வேலுப்பிள்ளை. சாமுவேல் அவருக்கு வைத்த கிறிஸ்தவப் பெயர். ஜேம்ஸ் வேலுப்பிள்ளை தகப்பன். எபிரேயமும் ஆங்கிலமும் முருகனின் வேலும் ஒரே பெயருக்குள் இருக்கின்றன. விவாகமான பெண்கள் பலர் தகப்பன் பெயரை விட்டுக் கணவன் பெயரைக் கடைசியில் சேர்ப்பார்கள். ஆகவே ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயரில் கடைசிச் சொல்லை எடுத்துக் கூப்பிட்டால், பெரும்பாலும் அவருடைய கணவனைத்தான் கூப்பிடுகிறீர்கள்.

சிங்களப் பெயரில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். வங்கியிலோ ஆசுபத்திரியிலோ ஐந்து முதலெழுத்தோடு ஒரு பெயரைக் கூப்பிடுவதைக் கேட்டிருப்பீர்கள். அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முன்னால் வருவது ‘வாசகம’ எனப்படும் குடிப்பெயர். அது பெரும்பாலும் ‘-கே’ என்று முடியும். சிங்களத்தில் ‘-கே’ நம்முடைய ‘-உடைய’ போன்ற உருபு. வீட்டுக்கும் அதே ஒலிதான். விதானகே என்றால் விதானையின் வீட்டார். விதானை யார் என்று யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. கிராம சேவகரை இன்றும் விதானை என்று கூப்பிடும் ஊர்கள் உண்டு. ‘முதியன்சேலாகே’ என்று வந்தால் அது கண்டி இராச்சியக் காலத்துப் பட்டம் ஒன்றின் வழிவந்தவர்கள். ‘ஹெட்டி’ என்று தொடங்கினால் நம்முடைய செட்டிதான். சிங்களத்தில் ‘ச’ பல இடங்களில் ‘ஹ’ ஆகிவிடும்.

வாசகமவுக்குப் பிறகு சொந்தப் பெயர்கள். கடைசியில் குடும்பப் பெயர். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இரண்டு பேரை வைத்து விளங்கப்படுத்தலாம். ரங்கன ஹேரத்தின் முழுப்பெயர் ஹேரத் முதியன்சேலாகே ரங்கன கீர்த்தி பண்டார ஹேரத். ‘எச். எம்.’ என்று ஒரு பெயர் தொடங்கினால் ஹேரத் முதியன்சேலாகே, ‘ஆர். எம்.’ என்றால் ரத்னாயக்க முதியன்சேலாகே, ‘டி. எம்.’ என்றால் திசாநாயக்க முதியன்சேலாகே என்று ஊகித்தால் பெரும்பாலும் சரியாக வரும். இவை மலைநாட்டுச் சிங்களக் குடும்பங்களின் சாயல். கரையோரம் வேறு மாதிரி. சமிந்த வாஸ் என்று நாம் சொல்பவர் வர்ணகுலசூரிய பட்டபெந்திகே உஷாந்த ஜோசப் சமிந்த வாஸ். ‘பட்டபெந்தி’ என்றால் பட்டம் கட்டப்பட்டவர். நாம் ‘பட்டம் கட்டுதல்’ என்று சொல்வதே அங்கேயும் இருக்கிறது. ஜோசப் திருச்சபை தந்தது. வாஸ் போர்த்துக்கேயம். இந்த இரண்டு பேரையும் அவர்களுடைய ஊரில் எல்லோரும் ரங்கன, சமிந்த என்றுதான் கூப்பிடுவார்கள். நீங்கள் தேட வேண்டியது நடுவில் இருக்கும் அந்தச் சொல்லைத்தான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாசகம சாதியையும் காட்டும். அதற்காகவே அதை வெட்டிவிட்டுப் பெயர் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். யாரிடமும் அவருடைய முதலெழுத்துகளை விரித்துச் சொல்லும்படி கேட்காதீர்கள். உத்தியோகத்துக்கு அவசியமென்றால் படிவத்தில் அவர்களே எழுதுவார்கள்.

முஸ்லிம் பெயர்களில் இரண்டு விடயம் தெரிந்தால் போதும். ஆண்களுக்கு மொஹமட், பெண்களுக்குப் பாத்திமா என்பவை பெரும்பாலும் பரக்கத்துக்காக, அதாவது இறையருளுக்காக, முன்னால் வைக்கப்படுபவை. பாத்திமா ரிஸ்னா என்ற பிள்ளையை வீட்டில் ரிஸ்னா என்பார்கள். ஒரு வகுப்பில் ஆறு பாத்திமா இருக்கலாம். இரண்டாவது, அப்துல். ‘அப்துல்’ என்றால் ‘இன்னாரின் அடியான்’. அந்த இன்னார் இறைவனின் திருநாமங்களில் ஒன்றாக இருக்கும். அப்துல் காதர் என்றால் ஆற்றல் மிக்கவனின் அடியான், அப்துல் ரஹ்மான் என்றால் அருளாளனின் அடியான். வெறுமனே ‘அப்துல்’ என்று கூப்பிடுவது பெயரைப் பாதியில் முறிப்பது. நெருங்கிய நண்பர்கள் செய்வார்கள். நீங்கள் செய்ய வேண்டாம். ‘-தீன்’ என்று முடிந்தால் மார்க்கம்: நூர்தீன் மார்க்கத்தின் ஒளி, சம்சுதீன் மார்க்கத்தின் சூரியன். பழைய தலைமுறையில் உதுமாலெப்பை, ஆதம்பாவா என்று அறபும் தமிழும் பிரிக்க முடியாமல் சேர்ந்த பெயர்கள் இருக்கும். எனக்கு அவை மிகவும் பிடிக்கும். இன்றைய இளம் பெற்றோர் அவற்றைக் கைவிட்டு வருவது கவலையாக இருக்கிறது.

கொம்பனித்தெருப் பக்கம் மலாய்க் குடும்பங்கள் உண்டு. ஆண்களின் பெயர் ‘துவான்’ என்று தொடங்கும். மலாய் மொழியில் ‘ஐயா’ என்ற மரியாதைச் சொல். கல்விமானும் அரசியல்வாதியுமான ரி. பி. ஜாயா, துவான் புர்ஹானுதீன் ஜாயா. ஐரோப்பிய வழிவந்தவர்களான பறங்கியரின் ‘வான்’ என்பது ஒல்லாந்த மொழியில் ‘இன்ன ஊரைச் சேர்ந்த’. புறக்கோட்டையின் கான் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பெயர் தந்த ‘கான்’ ஒரு பார்சிக் குடும்பம். பெயரை வைத்து அவர்களைப் பட்டாணியர் என்று நினைத்துவிடாதீர்கள். பிக்குமாரின் பெயரில் முதற்சொல் அவர்களுடைய ஊர்: வல்பொல ராஹுல தேரர் என்றால் வல்பொல ஊரைச் சேர்ந்த ராஹுலர். பிக்குமாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே இல்லை. ‘ஹாமுதுருவனே’ என்றால் போதும்.

இரண்டாவது: பெயரை வைத்து ஆளை முடிவு கட்டாதீர்கள்

போர்த்துக்கேயர் 1505இல் வந்தார்கள். 1656இல் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்தார்கள். ஒவ்வொருவரும் போனார்கள், பெயர்கள் போகவில்லை. கோட்டே அரசன் தர்மபாலனே 1557இல் ஞானஸ்நானம் பெற்று டொம் ஜொவாவோ பெரியபண்டார ஆனான். அரசனே மாறியபோது குடிகள் மாறியதில் வியப்பில்லை. ஒல்லாந்தர் காலத்தில் பிறப்பையும் விவாகத்தையும் தேவாலயப் பாடசாலைத் தோம்புகளில், அதாவது பதிவேடுகளில், பதிந்தார்கள். தோம்பில் பெயர் ஏற ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. வீட்டில் ஒரு பெயர், தோம்பில் ஒரு பெயர் என்று மனிதர்கள் இரண்டு பெயரோடு வாழ்ந்தார்கள். நொத்தாரிசும் கந்தோரும் எப்படி நம் வாய்க்கு வந்தனவோ அப்படியே பெரேராவும் டி சில்வாவும் வந்தன.

அவற்றின் பொருளைத் தெரிந்துவைத்தால் அந்நியத்தனம் போய்விடும். பெரேரா பேரிக்காய் மரம். சில்வா காடு. கொஸ்தா கடற்கரை. பொன்சேகா வற்றிய ஊற்று. மென்டிஸ் என்றால் மென்டோவின் மகன், பீரிஸ் என்றால் பேரோவின் மகன். தகப்பன் பெயரைப் பிள்ளையின் பெயரோடு ஒட்டுகிற யாழ்ப்பாணத்து வழக்கமும் போர்த்துக்கல் நாட்டு வழக்கமும் ஒன்றுதான். அங்கே அது உறைந்து குடும்பப் பெயராகிவிட்டது, நம்மிடம் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது.

பெர்னாண்டோ என்ற பெயர் நீர்கொழும்பிலும் மன்னாரிலும் தூத்துக்குடியிலும் இருக்கிறது. சிங்களவர், தமிழர், கத்தோலிக்கர், பௌத்தர் எல்லோரிலும் இருக்கிறார்கள். அந்தப் பெயரிலிருந்து இனத்தைச் சொல்ல எவராலும் முடியாது. கொழும்புச் செட்டிகளையும் பாருங்கள். 1834இல் இலங்கை பற்றிய ஊரகராதியும் 1859இல் தமிழ்ப் புலவர் சரிதமும் ஆங்கிலத்தில் எழுதிய சைமன் காசிச்செட்டி அந்தச் சமூகத்தவர்தான். சைமன் எபிரேயம், காசி கங்கைக்கரை, செட்டி நம்முடையது.

ஒரே பெயரை எடுத்து இந்த நகரத்துக்குள் நடந்து பார்க்கலாம். ‘கடவுள் அருளினார்’ என்ற பொருளுள்ள ஓர் எபிரேயப் பெயர் இருக்கிறது, யோகனான். கத்தோலிக்கத் தமிழர் அதைப் பொருளோடு மொழிபெயர்த்து அருளப்பர் என்றார்கள். அதிலிருந்து அருளப்பு என்ற ஆட்பெயர் வந்தது. போர்த்துக்கேயருக்கு ஜொவாவோ. ஒல்லாந்தருக்கு யான், அவனுடைய மகன் வழி வந்தவர்கள்தான் பறங்கியரில் ஜான்ஸ் குடும்பத்தினர். முஸ்லிம்களுக்கு யஹ்யா நபி. ஆங்கிலேயருக்கு ஜோன். இன்றைக்குச் சிங்களப் பிள்ளைகளுக்கு யொஹான் என்று வைக்கிறார்கள். வத்தளைப் பாடசாலை ஒன்றின் இடாப்பில் இதில் நாலு வடிவத்தையாவது நீங்கள் காணலாம். பவுல் என்றால் இலத்தீனில் ‘சிறியவன்’. அதனால்தான் தமிழில் சின்னப்பர். சூசை போர்த்துக்கேயரின் ஜொசே, சந்தியாப்பிள்ளை அவர்களுடைய சாந்தியாகோ. முன்னால் சொன்ன பீரிஸின் ‘பேரோ’ நம்முடைய இராயப்பு. வடமராட்சியில் ஓர் இராயப்புவும் மொரட்டுவையில் ஒரு பீரிஸும் ஒரே பேதுருவின் பெயரைச் சுமக்கிறார்கள்.

பெயர்பெற்றவர்களின் பெயரும் இப்படித்தான். எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் பெயர் சொலமன் வெஸ்ட் ரிட்ஜ்வே டயஸ் பண்டாரநாயக்க. விவிலிய அரசன், அன்றைய ஆங்கிலேய ஆளுநர், போர்த்துக்கேயக் குடும்பப் பெயர், சிங்களப் பட்டம். பௌத்த மறுமலர்ச்சிக்கு உழைத்த அநகாரிக தர்மபால 1864இல் புறக்கோட்டையில் பிறந்தபோது டொன் டேவிட் ஹேவாவிதாரண. அவர் தன் பெயரைத் தானே மாற்றினார். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்குப் பிறந்தபோது வைத்த பெயர் கண்ணுசாமி.

இந்தப் பகுதியை நான் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. யுத்த காலத்தில் கொழும்பு வீதிகளில் மறித்து அடையாள அட்டை கேட்பார்கள். அட்டையில் பெயரை வாசிக்கும் அந்தச் சில நொடிகளில், நாம் உடனே போகலாமா, ஓரமாக நிற்க வேண்டுமா என்பது தீர்மானமாகிவிடும். பெயரின் கடைசியில் ‘லிங்கம்’ அல்லது ‘நாதன்’ இருந்தால் நின்றோம். என் வயதுக்காரர் எல்லோருக்கும் அந்த நிற்றல் தெரியும். அந்த ஆண்டுகளில் பிள்ளை பெற்றவர்கள் பலர் ரொஷான், நிரோஷன், ஷிரானி, அனுஷா என்று மூன்று பக்கத்துக்கும் பொதுவான பெயர்களைத் தேடி வைத்தார்கள். ரொஷான் பாரசீகத்தில் ‘ஒளி’. அழகான பெயர்தான். ஆனால் சில வீடுகளில் அது அழகுக்காக வைக்கப்பட்டதல்ல. ஆகவே ஒருவருடைய பெயரைக் கேட்டுவிட்டு ‘அப்ப நீங்க தமிழா, சிங்களமா?’ என்று அடுத்த கேள்வியாகக் கேட்காதீர்கள். அவர் எந்த மொழியில் கதைக்கத் தொடங்குகிறாரோ அதைப் பார்த்துத் தொடருங்கள்.

மூன்றாவது: சிங்களப் பெயருக்குள் தெரிந்த சொல்லைத் தேடுங்கள்

நீளமான சிங்களப் பெயர் மனதில் நிற்கவில்லை என்று முறைப்படுபவர்களுக்கு இது உதவும். பெரும்பாலானவை நமக்கும் தெரிந்த வடமொழிச் சொற்கள். கடைசியில் ‘ன்’, ‘ம்’ இல்லாமல் அகரத்தில் நிற்கும், அவ்வளவுதான். குணசேகர நம்முடைய குணசேகரம். ராஜசிங்க இராசசிங்கம். ஜயசிங்க செயசிங்கம். சேனாநாயக்க என்றால் சேனைக்கு நாயகன், திசாநாயக்க திசைக்கு நாயகன், ராஜபக்ஷ அரசன் பக்கம் நின்றவன். ஜயவர்தன என்றால் வெற்றி பெருக்குபவன். பாராளுமன்றம் இருக்கும் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயும் வெற்றி பெருகும் நகர் என்ற பொருளில்தான். அந்தக் கோட்டையை 14ஆம் நூற்றாண்டில் கட்டிய அமைச்சர் அழகக்கோனார், தென்னிந்தியாவிலிருந்து வந்து சிங்கள அரசில் உயர்ந்த குடும்பத்தவர். வீரக்கோன், இலங்கக்கோன், தென்னக்கோன் என்று இன்றும் சிங்களக் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தக் ‘கோன்’ தமிழ்க் காதுக்குப் புதிதல்ல. வீரக்கொடி என்ற சிங்களப் பெயரைக் கேட்டபோது நான் முதலில் தமிழ்ப் பெயர் என்றே எழுதத் தொடங்கினேன்.

மலைநாட்டுச் சிங்களப் பெண்களின் ‘மெனிக்கே’ வேறொன்றுமல்ல, மாணிக்கம். இப்படி இரண்டு இரண்டாக உடைத்துப் பாருங்கள். ஒரு மாதத்தில் பயம் போய்விடும்.

நான்காவது: கூப்பிடும் முறை

கொழும்பில் வெறும் பெயரைச் சொல்லி யாரையும் கூப்பிடுவது குறைவு. முறைச் சொல் ஒன்று சேர வேண்டும். இங்கேதான் ஒரே ஒலி மூன்று பொருள் தந்து ஆளைக் கவிழ்க்கும்.

சிங்களத்தில் ‘அய்யா’ என்றால் அண்ணன். நீங்கள் மரியாதையாக ‘ஐயா’ என்று ஒரு சிங்கள முதியவரைக் கூப்பிட்டால் அவர் காதில் ‘அண்ணே’ என்று விழும். அவருக்கு ‘மாத்தயா’ சரி. தம்பிக்கு ‘மல்லி’, தங்கைக்கு ‘நங்கி’. அக்கா மட்டும் இரண்டு மொழியிலும் அக்காதான். சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லில் நின்றுகொள்ளுங்கள். மாமாவும் அப்படியே. ‘நோனா’ என்பது அம்மணி, போர்த்துக்கேயரின் ‘டோனா’. இன்று அதைச் சொன்னால் எசமானி வேலைக்காரி காலத்து வாடை வரும், தவிர்ப்பது நல்லது.

‘தாத்தா’ என்ற சொல்லில் மிகவும் கவனம். தமிழ்நாட்டிலும் மலையகத்திலும் அது அப்பாவின் அப்பா அல்லது அம்மாவின் அப்பா. சிங்களத்தில் அது அப்பா. முஸ்லிம் வீடுகளில் அது மூத்த சகோதரி. சில ஊர்களில் ‘ராத்தா’ என்பார்கள். ‘தாத்தா வீட்டில் இல்லை’ என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னால், யார் இல்லை என்று பிள்ளையின் வீட்டைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். முஸ்லிம் கடைக்காரரை ‘நானா’ என்று கூப்பிடலாம், அண்ணன் என்று பொருள். வயதானவரானால் ‘ஹாஜியார்’ பொருந்தும், ஆனால் அவர் ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர் என்று தெரிந்த பிறகு.

பெயர் பிடிபடாவிட்டால் கேளுங்கள். ‘நம மொகக்த?’ என்றால் பெயர் என்ன. அந்த ‘நம’ நம்முடைய நாமம். பிறகு தமிழிலோ சிங்களத்திலோ ‘எப்படிக் கூப்பிடட்டும்?’ என்ற இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு இந்த நகரத்தில் யாரும் முகம் சுளித்து நான் கண்டதில்லை.

ஐந்தாவது: உங்கள் பெயரைக் கடதாசியில் காப்பாற்றுங்கள்

இதைத்தான் எல்லோரும் பிந்திச் செய்கிறார்கள். ஒரு தாய் ஹட்டன் பக்கத்திலிருந்து என்னிடம் வந்தார். மகனுக்கு வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்திருந்தது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பனின் பெயர் ஒரு விதம், விவாகப் பதிவில் வேறு விதம், பிள்ளையின் சாதாரண தரச் சான்றிதழில் இன்னொரு விதம். தோட்டத்தில் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். முத்துச்சாமி ‘முத்துசாமி’ ஆகி, சிங்களத்தில் ‘முதுசாமி’ ஆகி, ஆங்கிலத்தில் யாருக்கும் அடையாளம் தெரியாத ஒன்றாகியிருந்தது. மனிதர் இறந்துவிட்டார், நேரில் வந்து ‘நான்தான்’ என்று சொல்ல ஆளில்லை. அந்தத் தாய் மூன்று தாளையும் என் மேசையில் பரப்பி, மூன்றையும் கையால் தடவித் தடவி, ‘இது மூண்டும் ஒரே மனுசன்தான் சேர்’ என்றார். எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த ஐந்து மாதம் போனது.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்தால் தடுக்கலாம். தமிழில் ஒரு ‘க’, ஒரு ‘த’, ஒரு ‘ப’. சிங்களத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்து. சிவபாலனை எழுதும் சிங்கள உத்தியோகத்தர் அந்தப் ‘பா’ எந்தப் ‘பா’ என்று ஊகிக்க வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் அவர் ஏதோ ஒன்றை எழுதுவார். ஆங்கிலத்தில் இதைவிடச் சிக்கல். ‘த’வுக்கு நாம் ‘ரி-எச்’ எழுதுவோம், இன்னொருவர் ‘டி’ எழுதுவார். உலகமே அறிந்த முரளீதரனின் பெயரைப் பத்திரிகைகள் நெடுங்காலம் ‘ரி-எச்’ போட்டு எழுதின. அவுஸ்திரேலியா இலங்கை டெஸ்ட் தொடருக்கான வோர்ன் முரளீதரன் கிண்ணத்தின் பெயரில் ‘டி’ இருக்கிறது. ‘ழ’வுக்குத் தமிழ்நாட்டில் ‘இஸட்-எச்’ போடுகிறார்கள். கொழும்பில் அதைப் பார்ப்பவர்கள் ‘ஸ’ என்று வாசிப்பார்கள். கயல்விழி ‘கயல்விஸி’ ஆகிவிடுவாள்.

செய்ய வேண்டியது இதுதான். ஆங்கிலத்தில் உங்கள் பெயருக்கு ஓர் எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். பிள்ளைகள் பாடசாலை மூலம் முதலாவது அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் நேரம்தான் தீர்மானமான நேரம், ஏனென்றால் 2017 முதல் வரும் புதிய அட்டையில் ஆங்கிலத்திலும் பெயர் இருக்கும். பிறகு வருவதெல்லாம் அதைப் பார்த்துத்தான். விண்ணப்பத்தை ஆசிரியர் நிரப்பட்டும் என்று விடாமல் வீட்டில் இருந்து நீங்கள் நிரப்புங்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு. அதில் தகப்பன் பெயரைப் போட்டால், வெளிநாட்டில் வாழ்நாள் முழுக்க உங்களை அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அதில் பிழையில்லை, தெரிந்துகொண்டு போடுங்கள்.

ஏற்கெனவே இரண்டு விதமாகிவிட்டால், சிறிய வித்தியாசங்களுக்குச் சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, இரண்டு பெயராலும் அறியப்படுபவர் ஒருவரே என்று உறுதிப்படுத்தலாம். பல இடங்களில் அதை ஏற்றுக்கொள்வார்கள். பிறப்புப் பத்திரத்திலேயே பிழை என்றால் சத்தியக் கடதாசியோடு நிற்காதீர்கள். உங்கள் பிறப்புப் பதிவுள்ள பிரதேச செயலகத்துக்குப் போய்த் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். பழைய பாடசாலை இடாப்பு, ஞானஸ்நானப் பத்திரம், சாதகக் குறிப்பு எது இருந்தாலும் கொண்டுபோங்கள். சாதக ஓலையைக் குப்பையில் போட்ட குடும்பங்கள் பிறகு என்னிடம் வந்து வருந்தியிருக்கின்றன.

கடைசியாக: இங்கே பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது

31ஆம் நாள் துடக்குக் கழிக்கும்போது பெயர் வைப்பது நம் வழக்கம். நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்ப்பதும் உண்டு. சிங்களப் பெற்றோரும் சோதிடரிடம் எழுத்துக் கேட்டுத்தான் வைக்கிறார்கள். இப்போது எண்சாத்திரமும் சேர்ந்து, பெயரின் நடுவே தேவையில்லாத ஓர் ஆங்கில எழுத்து முளைக்கிறது. அது பிள்ளையின் வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்ல வேண்டிய எழுத்து. என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

பொருள் தெரியாமல் வைக்க வேண்டாம். ‘-ஷ்’, ‘-க்ஷன்’ என்று முடித்துவிட்டால் வடமொழி ஆகிவிடாது. நான் மொழிபெயர்க்கும் பத்திரங்களில், பெற்றோரிடம் கேட்டாலும் பொருள் சொல்ல முடியாத பெயர்கள் கூடிக்கொண்டே வருகின்றன. நிலா, இனியன், மலர் என்று கேட்டவுடன் விளங்கும் சொற்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன, நான்கு எழுத்துக்குள் அடங்கும், எந்த மொழியிலும் எழுதலாம்.

தேர்ந்தெடுத்த பெயரைச் சிங்களக் காதிலும் ஒருமுறை சோதியுங்கள். மல்லிகா என்ற பெயர் இரண்டு மொழியிலும் பெண்ணுக்கு உண்டு. ஆனால் வீட்டில் செல்லமாக ‘மல்லி’ என்று கூப்பிட்டால் பக்கத்து வீட்டில் அது ‘தம்பி’. தமிழில் அருமையான பொருளுள்ள சில பெயர்களின் தொடக்கம் சிங்களத்தில் கூசும் சொல்லாக இருக்கும். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்.

பிறகு ஒரு கொப்பித் தாளில் அந்தப் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். சிங்களம் எழுத வராவிட்டால் தெரிந்தவரிடம் எழுதுவியுங்கள். பிறப்பைப் பதியப் போகும்போது அந்தத் தாளைக் கையில் கொண்டுபோய்ப் பதிவாளரின் முன்னால் வையுங்கள். தமிழில் பதியும்படி கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கையெழுத்துப் போட முன்பு பதிவில் இருப்பதையும் தாளில் இருப்பதையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வரிசை நீளமாக இருக்கும், பின்னால் நிற்பவர் அவசரப்படுவார். இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.